கீமோவுக்கு முன் சினைப்பை: ஊசியா, கருமுட்டைச் சேமிப்பா, திசுச் சேமிப்பா?

கீமோதெரபிக்குத் தேதி குறித்தாகிவிட்டது. நோயாளி நாற்பது வயதுக்குள் இருக்கும் பெண். அந்தத் தேதி வருவதற்குள், நோய் பற்றிய அச்சமே இன்னும் முழுதாக உறைக்காத நிலையில், அவர் இன்னொரு முடிவையும் எடுத்தாக வேண்டும். இந்த மருந்துகளிடமிருந்து சினைப்பையைக் காப்பாற்ற ஏதாவது செய்வதா? செய்வதென்றால் எதை? "மாதம் ஒரு ஊசி போட்டுக்கொண்டால் போதும்" என்பார் ஒருவர். "முதலில் கருமுட்டையை எடுத்து வைத்துவிடுங்கள்" என்பார் இன்னொருவர். இரண்டும் ஒரே பிரச்சினைக்கான இரண்டு வழிகள் போலத் தோன்றும். உண்மையில் ஊசி காப்பது ஒன்றை, சேமிப்பு காப்பது வேறொன்றை. இதைப் பிரித்துப் பார்க்காமல் முடிவெடுத்தவர்கள்தான் பின்னால் "எனக்கு யாரும் சொல்லவில்லையே" என்று வருந்துகிறார்கள்.

சினைப்பைக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஈஸ்ட்ரோஜன் முதலான ஹார்மோன்களைச் சுரப்பது ஒன்று. எலும்பின் உறுதி, இதய நலம், தூக்கம், தாம்பத்தியம் எல்லாம் அதைச் சார்ந்தவை. கருமுட்டையை முதிரச் செய்து வெளியே அனுப்புவது மற்றொன்று. இரண்டு வேலைக்கும் ஆதாரம் சினைப்பைக்குள் உறங்கிக் கிடக்கும் நுண்ணிய முட்டைப்பைகள்தான். ஒரு பெண் பிறக்கும்போது இவை 10 முதல் 20 லட்சம் வரை இருக்கும். பூப்படையும்போது 3 அல்லது 4 லட்சமாகக் குறையும். மாதவிடாய் நிற்கும் வயதில் ஏறத்தாழ ஆயிரம்தான் மிஞ்சும். பிறப்பில் கைக்கு வந்த முதல் இவ்வளவுதான். வட்டியும் சேராது, புதிதாகப் போடவும் முடியாது, எடுத்துச் செலவழிக்க மட்டுமே முடியும். கீமோ செய்வது, பல ஆண்டுகளில் ஆக வேண்டிய செலவைச் சில மாதங்களில் செய்துவிடுவது.

எல்லா கீமோவும் இப்படிச் செய்வதில்லை. ஆகவே வழிகளை ஒப்பிடுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியது, எழுதிக் கொடுத்திருக்கும் மருந்துகளின் பெயர்.

சைக்ளோஃபாஸ்ஃபமைடு, ஐஃபாஸ்ஃபமைடு, புசல்ஃபான், மெல்ஃபலான், புரோகார்பசின் ஆகியவை ஆல்கைலேட்டிங் வகை மருந்துகள். பிளவுபடாமல் உறங்கும் செல்லின் டி.என்.ஏ.வையும் இவை உடைக்கும். சினைப்பைக்கு மிகப் பெரிய எதிரிகள் இவைதான். உடலில் சேரும் மொத்த அளவு கூடக்கூட ஆபத்தும் கூடும். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு முன் கொடுக்கும் உயர் அளவு கீமோவுக்குப் பிறகு சினைப்பை மீள்வது அரிது. நாற்பதைத் தாண்டியவர் சைக்ளோஃபாஸ்ஃபமைடு, மெத்தோட்ரெக்ஸேட், ஃப்ளூரோயூராசில் மூன்றும் சேர்ந்த முறையை ஆறு சுற்று எடுத்தால், மாதவிடாய் நிரந்தரமாக நின்றுபோகும் வாய்ப்பு 80 விழுக்காட்டுக்கு மேல் என்று வழிகாட்டுதல்கள் வகைப்படுத்துகின்றன. சிஸ்பிளாட்டினும் டாக்ஸோரூபிசினும் நடுத்தரம். வின்கிரிஸ்டின், பிளியோமைசின், மெத்தோட்ரெக்ஸேட் போன்றவை தனித்து நின்றால் பெரிய சேதம் செய்வதில்லை. ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஏ.பி.வி.டி. என்ற கூட்டு மருந்து முறைக்குப் பிறகு இளம்பெண்களில் பெரும்பாலானோருக்கு மாதவிடாய் திரும்பிவிடும். அதே நோய்க்கு பீக்காப் என்ற கடுமையான முறையை எடுத்தால் நிலைமை வேறு.

மருந்துக்கு அடுத்தது வயது. ஒரே மருந்தை ஒரே அளவில் எடுத்த 25 வயதுப் பெண்ணும் 41 வயதுப் பெண்ணும் ஒரே இடத்தில் போய் நிற்பதில்லை. இருப்பு அதிகம் உள்ளவருக்குச் சேதத்துக்குப் பிறகும் மிச்சம் இருக்கும். ஏ.எம்.எச். என்ற இரத்தப் பரிசோதனையும், அல்ட்ராசவுண்டில் எண்ணும் சிறு முட்டைப்பைகளும் அந்த இருப்பைத் தோராயமாகச் சொல்லும். கீமோவுக்கு முன் ஏ.எம்.எச். பார்த்துக் குறித்து வைத்துக்கொள்வது எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் உதவும். பின்னால் ஒப்பிட அதுதான் அளவுகோல்.

மாதாந்திர ஊசி

கோசெரலின், ட்ரிப்டோரெலின், லியூப்ரோலைடு ஆகியவை ஜி.என்.ஆர்.எச். அகோனிஸ்ட் என்ற வகை. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி சினைப்பைக்கு அனுப்பும் கட்டளையை இவை நிறுத்திவிடும். சினைப்பை தற்காலிகமாக ஓய்வுக்குப் போகும். கோசெரலின் என்றால் 28 நாளுக்கு ஒரு முறை 3.6 மில்லிகிராம். வயிற்றுத் தோலுக்கடியில் சிறு குச்சி போல வைக்கும் ஊசி அது. ட்ரிப்டோரெலினும் லியூப்ரோலைடும் பொதுவாக மாதம் 3.75 மில்லிகிராம். கீமோவுக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே முதல் ஊசி போட வேண்டும். காரணம் உண்டு: முதல் சில நாட்களுக்கு இந்த மருந்து சினைப்பையை அடக்குவதற்குப் பதிலாகத் தூண்டிவிடும். அந்தத் தூண்டல் அடங்கிய பிறகே ஓய்வு. கீமோ முடியும்வரை ஊசியை விடாமல் போட வேண்டும்.

பலன் தருகிறதா? மார்பகப் புற்றுநோயில் தருகிறது என்று சொல்லச் சான்று இருக்கிறது. இத்தாலியில் நடந்த பிராமிஸ் ஆய்வு 2011-இல் வெளியானது. ட்ரிப்டோரெலின் போட்டவர்களில் 8.9 விழுக்காட்டினருக்கும், போடாதவர்களில் 25.9 விழுக்காட்டினருக்கும் மாதவிடாய் முன்கூட்டியே நின்றது. 2015-இல் வந்த போயம்ஸ் ஆய்வில், ஹார்மோன் ஏற்பி இல்லாத (அதாவது ஹார்மோனால் தூண்டப்படாத) வகை மார்பகப் புற்றுநோயாளிகளிடையே, இரண்டு ஆண்டுக்குப் பிறகு சினைப்பை செயலிழப்பு கோசெரலின் பிரிவில் 8 விழுக்காடு, மற்றதில் 22. ஐந்து ஆய்வுகளில் இருந்த 873 பெண்களின் தரவை ஒன்றாக்கிப் பார்த்த 2018 அலசலில் ஊசிப் பிரிவில் 14.1 விழுக்காடு, மற்றதில் 30.9. அதாவது ஆபத்து ஏறத்தாழ பாதியானது. "சினைப்பையை அடக்கினால் கீமோவின் வேகமும் குறையுமோ, நோய் திரும்புமோ" என்ற பழைய பயத்துக்கும் இந்த ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை.

ஆனால் இந்த எண்கள் பெரும்பாலும் அளப்பது மாதவிடாய் திரும்பியதா, ஹார்மோன் சுரக்கிறதா என்பதை. குழந்தைப் பேற்றின் கணக்கு இவ்வளவு வலுவாக இல்லை. அதே 2018 அலசலில் சிகிச்சைக்குப் பின் கருத்தரித்தவர்கள் ஊசிப் பிரிவில் 37 பேர், மற்றதில் 20 பேர். வித்தியாசம் நல்ல திசையில்தான் இருக்கிறது. என்றாலும் ஒரு வாழ்நாள் முடிவை இத்தனை சிறிய எண்களின் மேல் மட்டும் நிறுத்த எனக்குத் தயக்கம். நிணநீர்ப் புற்றுநோயில் இதுவும் கிடையாது. 2016-இல் வெளியான நீண்டகாலத் தொடர் ஆய்வில் சினைப்பை செயலிழப்பு ஊசி போட்டவர்களில் 19.4, போடாதவர்களில் 25 விழுக்காடு. புள்ளியியல்படி அது வித்தியாசமே இல்லை.

ஊசி எப்படிக் காக்கிறது என்பதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. பிட்யூட்டரியின் கட்டளையைச் சினைப்பைக்குக் கொண்டுவரும் ஹார்மோன் எஃப்.எஸ்.எச். உறங்கும் முட்டைப்பைகளுக்கு அதை வாங்கும் ஏற்பியே கிடையாது. மூளையின் கட்டளை நின்றால் அவற்றுக்கு என்ன வந்தது? சினைப்பைக்குப் போகும் இரத்த ஓட்டம் குறைவதாலா, வளரும் பைகள் இல்லாததாலா என்று விளக்கங்கள் பல. எதுவும் நிலைபெறவில்லை. இதனால்தான் அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கத்தின் 2018 வழிகாட்டுதல், ஊசியை நிரூபணமான சேமிப்பு முறைகளுக்கு மாற்றாகப் பயன்படுத்தக் கூடாது என்றது. ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் மார்பகப் புற்றுநோயில் சினைப்பைச் செயல்பாட்டைக் காக்க இதைத் தாராளமாகவே பரிந்துரைக்கின்றன. இரண்டுக்கும் முரண் இருப்பதாகத் தோன்றினால், ஹார்மோனும் குழந்தையும் தனித்தனிக் கணக்கு என்பதை நினைத்துப் பார்த்தால் போதும், முரண் மறைந்துவிடும்.

பக்கவிளைவு என்றால் மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு வருவதெல்லாம் வரும். உடலில் திடீர் வெப்பம், இரவு வியர்வை, பிறப்புறுப்பு வறட்சி, எரிச்சல், தூக்கக் கெடுதி. சில மாதங்களுக்குத்தானே என்று தாங்கிக்கொள்பவர்களே அதிகம். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் சரியும் கீமோவில் மாதவிடாய் நின்றிருப்பது ஒரு வகையில் வசதியும்கூட, இரத்தப் பெருக்கு ஏற்படும் அபாயம் குறையும்.

கருமுட்டை அல்லது கரு

குழந்தை வேண்டும் என்ற வாய்ப்பை விடக் கூடாது என்பவருக்கு, பருவமடைந்திருந்தால், முதலில் பார்க்க வேண்டிய வழி இதுதான். 10 முதல் 14 நாள் ஹார்மோன் ஊசி போட்டுப் பல முட்டைப்பைகளை ஒரே நேரத்தில் வளர்த்து, மயக்கம் கொடுத்து, பிறப்புறுப்பு வழியாக ஊசி செலுத்தி முட்டைகளை எடுப்பார்கள். எடுத்ததும் அதிவேகமாக உறையவைத்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைப்பார்கள். இந்த அதிவேக உறைதல் வந்த பிறகுதான் முட்டைச் சேமிப்பு நம்பகமானது. அதற்கு முந்தைய மெதுவான முறையில் முட்டைக்குள் பனிப்படிகம் உருவாகி அதைக் கிழித்துவிடும். அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் "பரிசோதனை நிலை" என்ற முத்திரையை இதிலிருந்து 2012-இல் எடுத்தது.

மாதவிடாய் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று இன்றும் சிலர் நினைக்கிறார்கள். வேண்டியதில்லை. சுழற்சியின் எந்த நாளிலும் ஊசியைத் தொடங்கலாம், எடுக்கும் முட்டைகளின் எண்ணிக்கை பெரிதாகக் குறைவதில்லை. இந்த ஒரு தகவல் தெரியாததால் வீணான வாரங்கள் எத்தனையோ. மார்பகப் புற்றுநோயாளிக்கு ஈஸ்ட்ரோஜன் எகிறக் கூடாது என்பதற்காக லெட்ரோசோல் மாத்திரையைச் சேர்த்துக் கொடுப்பார்கள். இப்படிச் செய்தவர்களுக்கு நோய் திரும்புவது கூடியதாக இதுவரையிலான தொடர் ஆய்வுகள் காட்டவில்லை.

முட்டையா, விந்துடன் சேர்த்துக் கருவாக்கியா? திருமணமான பெண்ணுக்குக் கரு என்று யோசிக்காமலே எழுதிவிடுகிறார்கள். கரு இருவருக்கும் சொந்தம். ஒருவர் பிற்காலத்தில் சம்மதிக்க மறுத்தால் அதைப் பயன்படுத்த முடியாது. முட்டை அவளுடையது மட்டுமே. உறையவைத்த முட்டைகள் தரும் பலன் இப்போது கருவுக்கு அருகில் வந்துவிட்டது. எனவே உறவு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் ஒரு பகுதியையாவது முட்டையாகவே வைப்பது புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. போன்ற மரபணு மாற்றம் குழந்தைக்குப் போகக் கூடாது என்று நினைப்பவர்கள் கருவைச் சோதித்துக்கொள்ளலாம். முட்டையாக வைத்திருந்தாலும் பிற்பாடு கருவாக்கிச் சோதிக்க வழி இருக்கிறது.

இதன் குறை, ஒரு முட்டைக்கு ஒரு குழந்தை என்ற கணக்கு இல்லாதது. உருக்கும்போது சில போகும், கருவுறாமல் சில, பதியாமல் சில. 35 வயதுக்குள் 10 முதல் 15 முதிர்ந்த முட்டைகள் இருந்தால் நியாயமான நம்பிக்கை வைக்கலாம். 40-ஐ நெருங்கினால் அதே எண்ணிக்கைக்கு மதிப்புக் குறைவு. கீமோவுக்கு முன் பெரும்பாலும் ஒரே ஒரு சுற்றுக்குத்தான் நேரம் இருக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். முக்கியமாக, சேமிப்பில் உள்ள முட்டை சினைப்பையைக் காப்பதில்லை. கீமோ முடிந்து 34 வயதில் மாதவிடாய் நின்றுபோனால், நைட்ரஜன் தொட்டியில் இருக்கும் பன்னிரண்டு முட்டைகள் எலும்புத் தேய்வுக்கு ஒன்றும் செய்யா. கீமோ ஒரு சுற்று தொடங்கிய பிறகு முட்டை எடுப்பதையும் தவிர்ப்பார்கள். அப்போது வளர்ந்துகொண்டிருக்கும் முட்டைகள் மருந்தில் நனைந்தவை.

சினைப்பைத் திசு

நேரமே இல்லாதவர்களுக்கும், பூப்படையாத சிறுமிகளுக்கும் உள்ள வழி இது. சிறு துளை வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவை மூலம் ஒரு சினைப்பையையோ அதன் பகுதியையோ எடுத்து, உறங்கும் முட்டைப்பைகள் நிறைந்த மேலடுக்கை மெல்லிய பட்டைகளாக வெட்டி உறையவைப்பார்கள். ஹார்மோன் ஊசி வேண்டாம், சில நாட்களுக்குள் முடித்துவிடலாம். நோய் குணமாகி, தேவை வரும்போது அந்தப் பட்டைகளை மீண்டும் உடலில் வைத்துத் தைப்பார்கள். நான்கைந்து மாதத்தில் ஹார்மோன் சுரக்கத் தொடங்கும். இயற்கையாகவே கருத்தரித்தவர்களும் உண்டு. இந்த முறையில் முதல் குழந்தை பெல்ஜியத்தில் 2004-இல் பிறந்தது. தாய் ஹாட்ஜ்கின் நோயிலிருந்து மீண்டவர், அவர் திசு எடுக்கப்பட்டது 1997-இல். அதன் பிறகு உலகெங்கும் இருநூறுக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்திருக்கிறார்கள். பூப்படையும் முன் எடுத்த திசுவிலிருந்தும் பிறந்திருக்கிறார்கள். 2019-இல் இதற்கும் "பரிசோதனை நிலை" முத்திரை நீங்கியது.

ஹார்மோன், முட்டை இரண்டையும் சேர்த்துத் திருப்பித் தரக்கூடிய ஒரே வழி இது என்பதால் கவர்ச்சி அதிகம். விலையும் அதற்கேற்ப. ஒரு சினைப்பையின் இருப்பை இன்றே விட்டுக்கொடுக்கிறீர்கள். திரும்ப வைக்கும்போது புதிய இரத்தக் குழாய்கள் வந்து சேரும்வரை பட்டினி கிடக்கும் திசுவில் பாதிக்கு மேற்பட்ட முட்டைப்பைகள் அழிந்துபோகும். வைத்த திசு சில ஆண்டுகள் வேலை செய்யும், சிலருக்குப் பத்து ஆண்டைத் தாண்டியும் ஓடியிருக்கிறது. ஆகவே இருப்புக் குறைந்த வயதில் இதில் அர்த்தமில்லை. பல மையங்கள் 35 வயதோடு நிறுத்திவிடுகின்றன. கீமோவுக்குப் பிறகு சினைப்பை செயலிழக்கும் வாய்ப்பு உண்மையிலேயே அதிகம் என்றால் மட்டுமே இந்த அறுவைக்குப் போக வேண்டும்.

இரத்தப் புற்றுநோயில் ஒரு தனி அபாயம். சினைப்பைக்குள்ளும் நோய்ச் செல்கள் இருக்கக்கூடும், திசுவைத் திரும்ப வைத்தால் நோயையே திரும்ப வைப்பதாகிவிடலாம். இப்படிப்பட்டவர்களுக்கு முதல் கட்ட கீமோவில் நோய் அடங்கிய பிறகு, மஜ்ஜை மாற்றுக்கு முன் திசு எடுக்கும் வழக்கம் இருக்கிறது. முட்டையைப் போலன்றி, கீமோ தொடங்கிய பிறகும் திசுவை எடுக்கலாம் என்பது இங்கே கைகொடுக்கிறது. பி.ஆர்.சி.ஏ. மாற்றம் உள்ளவர்கள், பிற்காலத்தில் சினைப்பையையே எடுத்துவிட வேண்டி வரும் என்பதால், இதை யோசித்துத்தான் தொட வேண்டும்.

மற்றவை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சினைப்பையை இடம் மாற்றித் தைக்கும் அறுவை இடுப்புக் கதிர்வீச்சிலிருந்துதான் காக்கும், கீமோ இரத்தத்தில் எங்கும் போகும். கருத்தடை மாத்திரை போட்டால் சினைப்பை தப்பிக்கும் என்பது நிரூபணம் ஆகாத நம்பிக்கை. எலிகளில் நல்ல பலன் காட்டிய பல பொருட்கள் ஆய்வுக்கூடத்தில் இருக்கின்றன, நாளை தொடங்கும் கீமோவுக்கு அவற்றால் பயனில்லை.

அப்படியானால் யாருக்கு எது?

30 வயது, மார்பகப் புற்றுநோய், கீமோவுக்கு மூன்று வாரம் இருக்கிறது, குழந்தை வேண்டும். இவருக்கு "ஊசியா, முட்டையா" என்று கேட்பதே தவறு. முதலில் முட்டைச் சேமிப்பு, அது முடிந்த கையோடு ஊசி, பிறகு கீமோ. ஒன்று மற்றொன்றுக்குத் தடை இல்லை. நோய் ஹார்மோன் ஏற்பி உள்ள வகை என்றால் முட்டைச் சேமிப்பின் அவசியம் இன்னும் கூடும். காரணம் கீமோ மட்டுமில்லை. அதன் பிறகு ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை இருக்கிறது, அந்த ஆண்டுகளில் வயதும் தன் பங்குக்கு முட்டைகளைத் தின்னும். 2023-இல் வெளியான பாசிட்டிவ் ஆய்வு, ஒன்றரை ஆண்டுக்கு மேல் மாத்திரை எடுத்தபின் இரண்டு ஆண்டு வரை இடைவெளி விட்டுக் கருத்தரிக்க முயன்றவர்களைத் தொடர்ந்தது. மூன்று ஆண்டுக் கணக்கில் நோய் திரும்பியது 8.9 விழுக்காடு, ஒப்பீட்டுக் குழுவில் 9.2. அந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்ளச் சேமிப்பு பெரிய துணை.

41 வயது, குழந்தைகள் வளர்ந்துவிட்டார்கள், இனி வேண்டாம். இவருக்கு முட்டையும் திசுவும் வீண் வேலை. ஊசி மட்டும் யோசிக்கத் தக்கது, அதுவும் முன்கூட்டிய மாதவிடாய் நிறுத்தத்தைத் தள்ளிப்போட. வயது கூடக்கூடப் பலன் குறையும் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

22 வயது, ஏ.பி.வி.டி. எழுதியிருக்கிறார்கள். ஆபத்து குறைவு, ஊசிக்குச் சான்றும் இல்லை. எதுவும் செய்யாமல் இருப்பதும் இங்கே நேர்மையான தேர்வு. நோய் மறுபடி வந்து கடுமையான மருந்துக்குப் போக வேண்டி வந்தால் என்ற கவலை இருப்பவர், நேரம் இருந்தால், முட்டை எடுத்து வைக்கலாம். அதே வயதில் மூன்று நாளில் கீமோ தொடங்க வேண்டிய லுக்கேமியா என்ற இரத்தப் புற்றுநோய் என்றால் சேமிப்புப் பேச்சே பிறகுதான். முதலில் உயிர். ஊசியை மாதவிடாயை நிறுத்தக் கொடுப்பார்கள், அதைக் கருவுறுதிறன் பாதுகாப்பு என்று குடும்பத்தார் எண்ணிக்கொள்ளும்படி விட்டுவிடக் கூடாது.

ஒன்பது வயதுச் சிறுமிக்கு மஜ்ஜை மாற்று. இங்கே திசு ஒன்றுதான். முடிவெடுப்பது பெற்றோர். ஆனால் திசு அந்தச் சிறுமியுடையது, அவள் வளர்ந்தபின் என்ன செய்வது என்பது அவள் சொல்ல வேண்டியது என்பதைச் சம்மதப் படிவத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

எந்த வழியில் போனாலும் கீமோ நடக்கும் காலத்தில் மாதவிடாய் வராததைக் கருத்தடையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊசி போட்டுக்கொண்டிருந்தாலும் ஆணுறையோ காப்பர் டி-யோ தேவை. முடிந்த பிறகும், மருந்தில் நனைந்த முட்டைகள் வெளியேறத் தேவையான அவகாசமாகப் பொதுவாக ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை கருத்தரிப்பதைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். நோயின் வகையைப் பொறுத்து அது நீளலாம்.

மாதவிடாய் திரும்பிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நினைப்பதும் சரியில்லை. இருப்பு பாதியாகி, மாதவிடாய் ஒழுங்காக வந்துகொண்டிருக்கலாம். அதனால் முப்பதுகளில் இருப்பவர் குழந்தையை அதிக காலம் ஒத்திப்போடக் கூடாது, ஏ.எம்.எச். மறுபடி பார்த்துக் கீமோவுக்கு முந்தைய அளவோடு ஒப்பிட்டுக் கருத்தரிப்பு மருத்துவரிடம் பேச வேண்டும். திரும்பாமலே போய், எஃப்.எஸ்.எச். உயர்ந்தே இருந்தால், ஹார்மோன் சார்ந்த புற்றுநோய் இல்லாதவர்கள் இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதான ஐம்பது வரை ஹார்மோன் மாற்று மருந்து எடுப்பது எலும்புக்கும் இதயத்துக்கும் நல்லது. மார்பகப் புற்றுநோய் இருந்தவர்களுக்கு அந்த மருந்து பொதுவாகக் கொடுப்பதில்லை. அவர்களுக்கு எலும்பு அடர்த்திப் பரிசோதனை, கால்சியம், வைட்டமின் டி, எடை தாங்கும் உடற்பயிற்சி, தேவைப்பட்டால் எலும்பை உறுதிப்படுத்தும் மருந்து என்று வேறு பாதை. ஊசியின் உண்மையான மதிப்பு இவர்கள் விஷயத்தில்தான் அதிகம்: சினைப்பை தன் ஹார்மோனைத் தானே சுரந்துகொண்டிருந்தால், வெளியிலிருந்து கொடுக்க முடியாத ஒன்றை அது கொடுக்கிறது.